தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணம்: வரலாறும் அமைப்பும்

விளையாட்டுப் போட்டியொன்றில் வெற்றியை நிர்ணயிப்பன எவையென வினவின், திறமை, பயிற்சி, மனவுறுதி என்னும் மூன்றுமே விடையாகக் கூறப்படும். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க நான்காவதொன்றும் உண்டு. அதுவே போட்டியின் அமைப்பு. எத்தனை அணிகள் எவ்வொழுங்கில் மோதுகின்றன, ஒருமுறை தோற்றவர்க்கு மறுவாய்ப்பு உண்டா இல்லையா என்பவற்றைப் பொறுத்து, ஒரே திறமையுடைய அணி ஓராண்டில் வாகை சூடவும் மற்றோராண்டில் வெறுங்கையுடன் மீளவும் கூடும். இவ்வுண்மையைத் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தின் வரலாறு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடி

இப்பகுதி நாடுகள் ஒரு கிண்ணத்துக்காகக் கூடி ஆடும் வழக்கம் கொழும்பிலேயே தொடங்கிற்று எனலாம். இலங்கை, உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் உறுப்புரிமை பெற்ற 1952 ஆம் ஆண்டிலேயே ‘கொழும்புக் கிண்ணம்’ என்னும் நாற்கோணப் போட்டி இங்கு நடைபெற்றது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்பன அதிற் பங்குபற்றின. முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்து வந்த மூன்றாண்டுகளிலும், முறையே இரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும், இந்தியாவே வென்றது. 1955 உடன் அப்போட்டி முடிவுற்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

ஏறக்குறைய நாற்பதாண்டுகள் கழிந்தபின், 1993 இல், பாகிஸ்தானின் இலாகூர் நகரில் ‘சார்க் தங்கக் கிண்ணம்’ என்னும் பெயரில் இன்றைய போட்டி உதயமாயிற்று. இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு அணிகளே அதில் ஆடின. இந்தியா முதலிடத்தையும் இலங்கை இரண்டாமிடத்தையும் பெற்றன. 1995 இல் போட்டி கொழும்புக்கு வந்தது. 1997 இல் தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் நிறுவப்பட்டு, போட்டி அதன் பொறுப்பில் நடைபெறலாயிற்று. பூட்டான் 2000 இலும் ஆப்கானிஸ்தான் 2005 இலும் சம்மேளனத்திற் சேர்ந்தன. பின்னையது 2015 இல் விலகி மத்திய ஆசிய நாடுகளின் சம்மேளனத்துடன் இணைந்துகொண்டது.

1993 முதல் 2023 வரை இப்போட்டி 14 தடவை நடைபெற்றுள்ளது. அவற்றுள் இந்தியா 9 தடவையும், மாலைதீவு 2 தடவையும் (2008, 2018), இலங்கை (1995), பங்களாதேஷ் (2003), ஆப்கானிஸ்தான் (2013) என்பன ஒவ்வொரு தடவையும் வாகை சூடின. இந்த 14 இல் 7 தடவை, போட்டியைத் தனித்தோ இணைந்தோ நடத்திய நாடே கிண்ணத்தைச் சுவீகரித்தது என்பதும் நோக்கற்பாலது. சொந்த மைதானமும் சொந்த மக்களின் ஆரவாரமும் ஓர் அணிக்கு எத்துணைப் பலம் என்பதற்கு இது சான்றாகும்.

இருவகை அமைப்பு

போட்டிகளை ஒழுங்குசெய்யும் முறைகள் அடிப்படையில் இரண்டே. முதலாவது லீக் முறை. இதில் ஒவ்வோரணியும் ஏனைய அணிகள் அனைத்துடனும் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளியும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படும். இரண்டாவது விலகல் முறை. இதில் தோற்ற அணி அக்கணமே போட்டியிலிருந்து நீங்கிவிடும். எட்டு அணிகளை லீக் முறையில் ஆடவைப்பின் 28 ஆட்டங்கள் வேண்டும். விலகல் முறையிலோ 7 ஆட்டங்களே போதும். முன்னையது நீதி மிகுந்தது. ஆயினும் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். பின்னையது சிக்கனமானது, ஆயினும் ஒருநாட் சறுக்கலை மன்னிக்காதது.

ஆகவே இரண்டையும் இணைத்த கலப்பு முறையே பெரும்பாலும் கையாளப்படுகின்றது. அணிகள் இரு பிரிவுகளாக வகுக்கப்படும். பிரிவுக்குள் லீக் ஆட்டங்கள் நிகழும். ஒவ்வொரு பிரிவிலும் முதலிரு இடங்களைப் பெறுவோர் அரையிறுதியிலும், அதில் வென்றோர் இறுதியிலும் ஆடுவர். 2023 இல் பெங்களூரில் எட்டு அணிகள் இவ்வாறே 15 ஆட்டங்களை ஆடி முடித்தன. குவைத்தும் லெபனானும் அவ்வாண்டு அழைப்பின்பேரில் வந்த விருந்தினர். உலகச் சம்மேளனத்தின் இடைநிறுத்தத்துக்கு உள்ளாகியிருந்தமையால் இலங்கை அவ்வாண்டு பங்குபற்றவில்லை.

அமைப்பு அளித்ததும் பறித்ததும்

இனி, நம் நாட்டின் அனுபவத்தை நோக்குவோம். 1995 இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை எதிர்த்தது. குறித்த நேரத்துள் எவ்வணியும் கோல் இடவில்லை. மேலதிக நேரத்தில் முதற் கோலை இடும் அணியே வென்றதாகும் என்ற விதி அப்போது வழக்கில் இருந்தது. அவ்வொரு கோலை இலங்கை இட்டுக் கிண்ணத்தைப் பெற்றது. சனத்தொகையிற் பன்மடங்கு பெரிய நாட்டை ஒருநாள் ஆட்டத்தில் வெல்ல, விலகல் முறை இடமளித்தது.

2021 இல் மாலைதீவில் நடந்ததோ வேறு. ஐந்து அணிகள் லீக் முறையில் ஆடி, முதலிருவர் இறுதிக்குச் செல்வர் என்பது ஒழுங்கு. இலங்கை அங்கும் இந்தியாவைக் கோலின்றிச் சமநிலையில் நிறுத்தியது. ஆயினும் ஏனைய மூன்று ஆட்டங்களிலும் தோற்றமையால் கடைசியிடமே கிட்டிற்று. பங்களாதேஷுடனும் இலங்கையுடனும் சமநிலையே கண்ட இந்தியாவோ, எஞ்சிய ஆட்டங்களில் தன்னைத் திருத்திக்கொண்டு, இறுதியில் நேபாளத்தை 3–0 என வென்றது. லீக் முறை ஒருநாள் வீரத்தையன்று, தொடர்ந்த ஆற்றலையே மதிக்கும் என்பது இதனாற் புலனாகும்.

இவ்விரண்டினும் வியப்புக்குரியது 2018 இல் டாக்காவில் நிகழ்ந்ததாகும். இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகிய மூன்றும் ஒரே பிரிவில் அமைந்தன. இந்தியா ஏனைய இரண்டையும் தலா 2–0 என வென்றது. இலங்கையும் மாலைதீவும் தம்முட் கோலின்றிச் சமநிலை கண்டன. எனவே புள்ளியிலும் கோலிலும் இவ்விரு அணிகளுக்கிடையே அணுவளவு வேறுபாடும் இல்லை. அரையிறுதிக்குச் செல்வது யார் என்பதை நாணயச் சுழற்சி தீர்மானித்தது. அது மாலைதீவின் பக்கம் வீழ்ந்தது. பிரிவாட்டங்களில் ஒரு கோலேனும் இடாத அவ்வணி, அரையிறுதியில் நேபாளத்தை 3–0 எனவும், இறுதியில் இளம் வீரரைக் கொண்ட இந்திய அணியை 2–1 எனவும் வென்று கிண்ணத்துடன் நாடு திரும்பிற்று. மூன்று அணிகளே கொண்ட பிரிவில் ஆட்டங்கள் குறைவு; ஆட்டங்கள் குறையுந்தோறும் திறமைக்குரிய இடத்தை அதிட்டம் பற்றிக்கொள்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வாராய்ச்சி நாடுகளின் கிண்ணங்களுக்கு மட்டும் உரியதன்று. குருவிட்ட, இரத்தினபுரி முதலிய பகுதிகளில், தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே கிடைத்த சிறு வெளியில் ஆடிப் பழகும் தோட்டப் பாடசாலை மாணவருக்கும் இது பொருந்தும். எட்டுப் பாடசாலைகள் விலகல் முறையில் மோதின், அவற்றுள் நான்கு முதலாட்டத்துடனேயே வீடு திரும்புதல் கணக்கின்படி நிச்சயம். விடியுமுன் மலையிறங்கி, பேருந்து மாறி வந்த பிள்ளைகளுக்கு ஒரேயோர் ஆட்டம் போதுமா? தோல்வியிலிருந்து கற்றதை மறு ஆட்டத்திற் செய்து பார்க்கும் வாய்ப்பன்றோ கல்வியாவது?

நான்கு நான்காகப் பிரித்து, ஆட்ட நேரத்தைச் சற்றுக் குறைத்து, ஒவ்வோரணிக்கும் மூன்று ஆட்டங்களையேனும் உறுதிசெய்தல் இயலாத காரியமன்று. 7 ஆட்டங்களுக்குப் பதிலாக 15 ஆட்டங்கள் வேண்டப்படும், அவ்வளவே. கிண்ணம் ஓரணிக்கே உரியது. ஆடும் வாய்ப்போ அனைவர்க்கும் உரியது. போட்டி அட்டவணையை வரையும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்வாராக.