நாலடி இடத்தின் பெறுமதி

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு அளப்பார் உளர். வீதியோரத்திலே வண்டி நிறுத்தும் ஓர் இடத்தைக் கொண்டும் அதனை அளக்கலாம் என்பது நமது கருத்து. நம்மவர் பலர் குடியேறி வாழும் பிரித்தானியாவில் வழங்கும் நீல அட்டை முறை இதற்குத் தக்க சான்றாகும்.

இம்முறைக்கு வித்திட்டவர் அல்பிரட் மொறிஸ் என்னும் பாராளுமன்ற அங்கத்தவர். அவர் தந்தையார் முதலாம் உலகப் போரிலே ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர். உடல் வலுவிழந்த ஒருவரும் அவர் குடும்பமும் படும் அல்லலை இளமையிலேயே அறிந்த மொறிஸ் கொணர்ந்த மசோதா, 1970 ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி 1971 தொடக்கம் செம்மஞ்சள் அட்டை வழங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அதன் இடத்தை நீல அட்டை பெற்றது. 1974 இல் வலுவிழந்தோர் நலனுக்கெனப் பிரித்தானியாவில் முதன்முதல் நியமிக்கப்பெற்ற அமைச்சரும் மொறிஸே.

இவ்வட்டை வண்டிக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. அதனை உடையவர் தாமே வண்டியைச் செலுத்தினும், மகனது வண்டியிலோ அயலார் வண்டியிலோ செல்லினும் அது பயன்படும். இங்கிலாந்திலே பிறர் நிறுத்தலாகாத மஞ்சட் கோடிட்ட வீதியிலும், பொருள் ஏற்றி இறக்கத் தடையில்லாத இடமாயின், அவர் 3 மணித்தியாலம் வரை வண்டியை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தையும் முன்கண்ணாடியருகே வைத்தல் வேண்டும்.

தனியே ஒதுக்கப்படும் தரிப்பிடத்தின் அமைப்பும் நோக்கத்தக்கது. 2.4 மீற்றர் அகலமான இடத்தின் பக்கத்தே 1.2 மீற்றர், ஏறத்தாழ நாலடி, கோடிட்டு வெறுமையாக விடப்படும். இது வீணான இடமன்று. கதவை முழுவதும் திறந்து, சக்கர நாற்காலியை அருகே நிறுத்தி, இருக்கையினின்றும் அதற்கு மாறுவதற்கு அந்த நாலடியே துணை. "இரண்டு நிமிடந்தானே" என்று ஒருவர் தம் வண்டியை அங்கே நிறுத்திச் செல்வாராயின், மற்றவர் தமது வண்டிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுவார்.

2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்திலே கண்ணுக்குப் புலப்படாத குறையுடையோரும் இவ்வட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே, நன்றாக நடப்பவர்போலத் தோன்றும் ஒருவர் அவ்விடத்தில் இறங்கக் கண்டவுடன் அவரை ஐயுறுதல் முறையன்று. அதேவேளை, தாயாரை வீட்டில் இருத்திவிட்டு அவர் அட்டையுடன் மகன் கடைக்குச் செல்வது குற்றமாகும். தவறாகப் பயன்படுத்துவோருக்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

இதனைச் சலுகை என்பது பொருந்தாது. வலுவுள்ளவர் எளிதாக நடந்து அடையும் வாயிலை மற்றவரும் அடைவதற்கான வழியே இது. வண்டி செலுத்தப் பழகுமுன் நம் பிள்ளைகள் பழகவேண்டிய பாடமும் இதுவேயாம்.