ரொட்டி வாட்டும் டோஸ்டர் இயங்குவது எப்படி? எர்த் இணைப்பு ஏன் அவசியம்?

நகர்ப்புறச் சமையலறைகளில் காலை நேரத்தில் தவறாமல் இடம்பெறும் மின்சாதனங்களுள் ஒன்று, ரொட்டித் துண்டுகளை வாட்டித் தரும் டோஸ்டர். எளிய கருவியாகத் தோன்றினாலும், மின்சாரம் பாயும் கம்பிகள் எவ்வித உறையும் இன்றி அமைந்துள்ள சாதனம் இது. எனவே, இதன் இயக்கத்தை அறிந்துகொள்வது பாதுகாப்புக்கும் அவசியமாகிறது.

வெப்பம் உருவாவது எப்படி?

டோஸ்டரின் உட்புறத்தில் மைக்கா தகடுகளின் மீது மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்ற உலோகக் கலவையால் ஆனது இக்கம்பி. தாமிரத்தைவிட 60 மடங்குக்கும் அதிகமான மின்தடை கொண்டதால், மின்சாரம் பாய்ந்த சில நொடிகளில் இது செந்தணலாகிவிடும். அந்த வெப்பநிலையிலும் எளிதில் உருகாது. துருப்பிடித்து அறுந்துபோவதும் இல்லை. மைக்கா வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது.

கம்பியிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்கள் ரொட்டியின் மேற்பரப்பைச் சூடாக்குகின்றன. முதலில் ஈரப்பதம் ஆவியாகிறது. வெப்பநிலை சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, மாவிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிகின்றன. பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான இவ்வினை, 1912-இல் இதனை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையார் பெயரால் அழைக்கப்படுகிறது.

தானாக மேலெழுவது ஏன்?

நெம்புகோலைக் கீழே அழுத்தியதும் ரொட்டி உள்ளே இறங்குகிறது; மின்சுற்று இணைகிறது; சிறிய மின்காந்தம் ஒன்று நெம்புகோலைப் பிடித்துக்கொள்கிறது. குறித்த நேரம் முடிந்ததும் மின்காந்தத்துக்குச் செல்லும் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. பிடி தளர்ந்ததும், சுருள்வில் ரொட்டியை மேலே தள்ளுகிறது. இவ்வகைக் கருவியில் மின்சாரம் இல்லாதபோது நெம்புகோல் கீழே நிற்பதில்லை. இடையில் மின்தடை ஏற்பட்டாலும் ரொட்டி மேலெழுந்துவிடும்.

பழைய கருவிகளில், சூடானால் வளையும் ஈருலோகப் பட்டை நேரத்தைக் கணக்கிட்டது. தற்போது மின்னணுச் சுற்றுகள் அப்பணியைச் செய்கின்றன. தானாக ரொட்டியை வெளியேற்றும் டோஸ்டருக்கு அமெரிக்காவின் சார்லஸ் ஸ்ட்ரைட் 1921-இல் காப்புரிமை பெற்றார்.

மின்செலவு எவ்வளவு?

800 வாட் டோஸ்டர், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் சுமார் 3.5 ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு முறை வாட்ட இரண்டு நிமிடம் ஆகுமெனில், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 37 முறை பயன்படுத்தலாம்.

ஆபத்து எங்கே?

சிக்கிக்கொண்ட ரொட்டியைக் கத்தி அல்லது கரண்டியால் எடுக்க முயல்வதே பெரும் ஆபத்து. கம்பி சிவப்பாக ஒளிரவில்லை என்பதால் அதில் மின்சாரம் இல்லை என்று கருதக்கூடாது. சில டோஸ்டர்களின் உள் சுவிட்ச், மின் இணைப்பின் ஒரு முனையை மட்டுமே துண்டிக்கிறது. சுவரிலுள்ள பிளக் பாயின்டில் ஃபேஸ், நியூட்ரல் இணைப்புகள் இடம் மாறியிருந்தால், அணைந்த கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். ஆகவே, பிளக்கைக் கழற்றி, கருவி ஆறிய பின்னரே ரொட்டியை எடுக்க வேண்டும்.

உலோக உடல் கொண்ட டோஸ்டரின் மூன்று முள் பிளக்கில் நீளமாகவும் தடிமனாகவும் உள்ள முள், எர்த் இணைப்புக்கானது. உள்ளே கம்பி அறுந்து உடலைத் தொட்டால், மின்சாரம் இவ்வழியே நிலத்துக்குச் செல்லும். ஃபியூஸ் அல்லது எம்சிபி இணைப்பைத் துண்டிக்கும். இரண்டு முள் அடாப்டரில் செருகினால் இப்பாதுகாப்பு முற்றிலும் இல்லாமற்போகும். அந்நிலையில் கருவியைத் தொடுபவரின் உடல் வழியாகவே மின்சாரம் நிலத்தை அடைய நேரிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்துவது கூடுதல் பாதுகாப்பு அளிக்கும்.

அடித்தட்டில் சேரும் ரொட்டித் துகள்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால், அவற்றை அவ்வப்போது அகற்ற வேண்டும். டோஸ்டரைத் திரைச்சீலைகளுக்கு அருகில் வைப்பதையும், ஈரக் கையால் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். ரொட்டியைக் கருக விடாமல் இளம் பொன்னிறத்தில் எடுப்பது உடல்நலத்துக்கும் ஏற்றது. மாவுப்பொருள்கள் அதிகம் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளின் அளவு கூடுகிறது.