அளவறிந்து பயிற்றும் ஆசான்

தோற்றுவாய்

முற்காலத்தில் நம் ஊர்களில் சிலம்பக்கூடங்கள் இருந்தன. கர்லாக்கட்டை சுழற்றுதல், தண்டால் எடுத்தல், பஸ்கி போடுதல் ஆகியவற்றை இளைஞர்கள் அங்குப் பயின்றனர். கற்பித்தவரை வாத்தியார் என்றும் உஸ்தாது என்றும் மரியாதையோடு அழைத்தனர். இன்று அந்த இடத்தை உடற்பயிற்சிக்கூடம் பெற்றுள்ளது. சிறு நகரங்களிலும் ‘ஜிம்’ என்னும் பெயர்ப்பலகையைக் காண்கிறோம். அங்கே பயிற்றுவிப்பவரை இளைஞர்கள் ‘மாஸ்டர்’ என்கின்றனர். ஒருவருக்கென ஒதுக்கிய நேரத்தில் அவர்தம் உடல்நிலைக்கு ஏற்பத் தனியே பயிற்றுவிப்பவர் தனிப் பயிற்றுநர் ஆவார்.

இப்பணியைக் குறித்து இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. திரண்ட தோள்கள் உடையவர் எவரும் பயிற்றுநர் ஆகலாம் என்பது ஒன்று. அருகில் நின்று எண்ணிக்கை சொல்லி ஊக்குவிப்பதே அவர் வேலை என்பது மற்றொன்று. உண்மையில் பயிற்றுநரின் கல்வி, அளவறியும் கல்வியாகும். எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை அறிந்தவரே பயிற்றுநர். அதனை அறியாதவர் கையில் இரும்பு கருவியாக இராது, ஆபத்தாகவே முடியும்.

வினவித் தொடங்குதல்

நல்ல பயிற்றுநரின் முதல் நாட்பணி பளுவைத் தூக்கச் செய்வதன்று, வினவுதலே ஆகும். கனடா நாட்டில் வகுக்கப்பெற்று உலகெங்கும் வழங்கிவரும் ஏழு வினாக்கள் உள்ளன. இதயநோய் உண்டா, நெஞ்சில் வலி தோன்றுவதுண்டா, தலைசுற்றலோ மயக்கமோ வருவதுண்டா, எலும்பிலோ மூட்டிலோ குறை உண்டா, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்கின்றீரா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. ஒன்றற்கேனும் ‘ஆம்’ என்ற விடை வருமாயின், மேலும் வினவித் தெளிதலும், வேண்டுமிடத்து மருத்துவரின் கருத்தைப் பெறுதலும் முறையாகும்.

இந்நெறியைப் புறக்கணிப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. பழக்கமற்ற ஒருவரை முதல் நாளிலேயே களைத்து விழும்வரை வருத்தினால், தசைநார்கள் சிதைந்து அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலக்கக்கூடும். சிறுநீர் கருந்தேநீர் நிறமாக மாறும். முற்றிய நிலையில் சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு. முதல் நாளில் உடல் நோக நோகப் பயிற்றுவிப்பவரே திறமையாளர் என்று கருதும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

வளர்ச்சியின் விதி

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைலோ என்னும் கிரேக்க மல்லரைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. அவர் ஓர் இளங்கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தாராம். கன்று வளர வளர அவர் வலிமையும் வளர்ந்து, முடிவில் காளையையே தூக்கினாராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், அதில் பொதிந்துள்ள விதி உண்மையானது. சுமை சிறிது சிறிதாகக் கூடினால் உடல் அதற்கேற்பத் தன்னை வலுப்படுத்திக் கொள்ளும்.

இவ்விதியை மருத்துவத் துறையில் நிலைநிறுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் நலிந்த தசைகளை, படிப்படியாகக் கூட்டப்பெறும் எடைகளால் அவர் மீட்டார். அம்முறையை 1945இல் மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டார். இன்று உடற்பயிற்சிக்கூடத்தில் ‘செட்’ என்றும் ‘ரெப்ஸ்’ என்றும் இளைஞர்கள் கூறும் கணக்கிற்கு அவருடைய மருத்துவமனைப் பணி ஒரு முக்கிய அடிப்படையாகும். வலியவரை மேலும் வலியவராக்கப் பயன்படும் இக்கலை, மெலிந்தோரை மீட்கும் பணியிலும் வளர்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் வலிமை கூடும். தசையோ பெரிதாகப் பருப்பதில்லை. மூளையும் நரம்புகளும் முன்னரே உள்ள தசைநார்களை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்வதே அவ்வலிமைக்குக் காரணம். தசை பருப்பதற்கு மாதங்கள் ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் அதனினும் மெதுவாகவே உறுதி பெறும். ஆகவே, ‘என்னால் தூக்க முடிகின்றதே’ என்று எடையை விரைந்து கூட்டுவோர் தசையால் வென்று மூட்டால் தோற்கின்றனர். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு முறை, அடுத்தடுத்த இரு நாட்பயிற்சிகளில் பிழையின்றிச் செய்ய இயலுமாயின், எடையை 2 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம் என்பது துறைவல்லார் வகுத்த அளவு. அவ்வளவைக் காப்பதும், அதற்கு மேல் ஆசைப்படுவோரைத் தடுப்பதும் பயிற்றுநரின் கடமையாம்.

நோயும் தசையும்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆகவே இன்று பயிற்றுநரை நாடி வருவோர் கட்டிளங்காளையர் மட்டுமல்லர். 45 வயதுடைய கடைக்காரர் ஒருவர் வருவதாகக் கொள்வோம். நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருப்பவர். சர்க்கரைக்கு மருந்து உட்கொள்பவர். அவருக்குத் தசையே மருந்துக்கு உற்ற துணையாக அமைகின்றது. ஏனெனில் இயங்கும் தசையானது இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக் கொள்ள வல்லது.

அவருக்கு முதற்பயிற்சி நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து அமர்தலாக இருக்கலாம். அது எளிதானபின் சிறு எடையைக் கையிற் கொடுக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு பளுத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். எனவே தூக்கும்போது மூச்சை வெளிவிடவும் இறக்கும்போது உள்ளிழுக்கவும் கற்பித்தல் வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்போர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் பயிற்சியை நிறுத்தி, சர்க்கரை கலந்த பானம் அளிக்கும் விழிப்பு பயிற்றுநருக்கு இன்றியமையாதது.

வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரு நாட்களேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. இந்த அளவு எவர்க்கும் எட்டக்கூடியதே.

குறுக்கு வழிகள்

மூன்றே மாதத்தில் திரைநடிகரைப் போன்ற உடல் வேண்டும் என்று கேட்கும் இளைஞரிடந்தான் பயிற்றுநரின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. புரதப் பொடி விற்பனையில் தரகு பெறும் வழக்கம் இத்துறையில் உண்டு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் பொதுவாக வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கடும்பயிற்சி செய்வோர்க்கு இதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும். முட்டை, மீன், பால், பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றாலேயே அதனைப் பெரும்பாலோர் பெற இயலும்.

பொடியினும் கொடியது ஸ்டீராய்டு ஊசி. அது தசையை விரைந்து பருக்கச் செய்யும் என்பது மெய்யே. ஆயின் உடல் தானே சுரக்கும் ஆண்மை இயக்குநீரை அது நிறுத்திவிடும். மகப்பேற்றுத் திறனைக் குலைக்கும். இதயச் சுவரைத் தடிக்கச் செய்யும். நல்ல கொழுப்பைக் குறைக்கும். வாயால் உட்கொள்ளும் வகைகள் ஈரலைக் கெடுக்கும். இவற்றையெல்லாம் அறிந்தும் ஊசியைக் கைகாட்டும் பயிற்றுநர், ஆசான் என்னும் பெயருக்கு உரியவர் ஆகார்.

நம் சமுதாயத்தில்

ரமலான் மாதத்தில் பயிற்சியை அறவே விட வேண்டியதில்லை. அளவை மாற்றினால் போதும். நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னர் இலேசான நடையும், கடுமையானவற்றை நோன்பு திறந்து நீர் அருந்தி உணவு செரித்த பின்னரும் வைத்துக்கொள்ளலாம். நீரிழிவுடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பையும் பயிற்சியையும் இணைக்க வேண்டும்.

பெண்களின் நிலையும் கருதற்பாலது. மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகின்றது; பளுப்பயிற்சி அதனை எதிர்க்கும் வழிகளுள் ஒன்று. தனி நேரமும் பெண் பயிற்றுநரும் அமையின் நம் அன்னையரும் சகோதரியரும் தயக்கமின்றி வருவர். நம் மாணவியர்க்கு இது தகுதிவாய்ந்த பணிவாய்ப்பாகும் என்பதைப் பெரியோர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

பணியும் வாழ்வும்

இப்பணி எளிதன்று. விடியற்காலையிலும் அந்தி முதல் இரவு வரையிலும் உழைத்து, நண்பகலில் ஓய்ந்திருக்க வேண்டும். ஊதியம் பெரும்பாலும் குறைவு; தனிப்பயிற்சிக் கட்டணத்தைக் கூட உரிமையாளருடன் பகிர்தல் வேண்டும். மருத்துவர்க்கு உள்ளது போன்ற கட்டாயப் பதிவு முறை இத்துறையில் இல்லாமையால், கற்றவரும் கல்லாதவரும் ஒரே தட்டில் நிற்கின்றனர். ஆயினும் கற்க விரும்புவோர்க்கு வழி உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தோற்றுவித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன.

முடிவுரை

வலிமையுள்ள இறைநம்பிக்கையாளரைச் சிறப்பித்துரைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வலிமை குன்றியவரிடத்தும் நன்மை உண்டு எனச் சேர்த்தே மொழிந்தார்கள். பயிற்றுநர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டல் வேண்டுவதில்லை. நம் உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை ஒருவர் நம்பி மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, அது இருமடங்கு அமானிதம் ஆகின்றது. அவ்வமானிதத்தைப் பேணத் தெரிந்த பயிற்றுநர்கள் நம் கல்லூரியிலிருந்தும் தோன்றுவார்களாக! எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.