உங்களுக்குத் தெரியுமா? அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது!

2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரில் தகட்டு உடலே பாரம் முழுவதையும் தாங்குவதால், கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற விளிம்பைத் துரு அரித்திருப்பின், அது அழகுக்கு நேர்ந்த குறையன்று, ஆதாரத்துக்கே நேர்ந்த அபாயம். பழைய கார் வாங்குமுன் இவற்றையும் கவனிக்க வேண்டும்:

• 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அடியில் புகுந்து அதைப் பரீட்சிப்பது அவசியம்.

• மெல்லிய துணி சுற்றிய காந்தம் எங்கே பிடிக்கவில்லையோ, அங்கே வர்ணத்துக்கு அடியில் பட்டி பூசியிருக்கக்கூடும்.

• ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை போன்ற ஏற்றத்தில் ஓட்டினால், சமவெளியில் சாதுவாக இருந்த ரேடியேட்டர் கொதிப்பதும் கிளட்ச் வழுக்குவதும் பிரத்தியட்சமாகும். இறங்கியபின் ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறமாயிருந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.