பெனிசிலின் வளையத்தை உருவாக்கும் நொதி

பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண், காது வலி என்றால் டாக்டர் எழுதித் தரும் அமாக்சிசிலின் சிரப் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அதன் வீரியமெல்லாம் நான்கு அணுக்களால் ஆன ஒரு சிறு வளையத்தில்தான் இருக்கிறது. பீட்டா-லாக்டம் என்பது அதன் பெயர். இன்றும் தொழிற்சாலைகள் அந்த வளையத்தைப் பெனிசிலியம் என்ற பூஞ்சையிடமிருந்தே பெறுகின்றன. மற்ற மாற்றங்களைத்தான் பிறகு செய்கிறார்கள்.

பூஞ்சைக்குள் ஒரு நொதி மூன்று அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கிறது. அடுத்து வருவதுதான் நாம் சொல்ல வந்த நொதி, ஐசோபெனிசிலின்-என் சின்தேஸ். அது அந்தச் சங்கிலியிலிருந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்களைப் பிரித்து, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்த்துத் தண்ணீராக்கிவிடுகிறது. அதற்குள் சங்கிலி மடிந்து இரண்டு வளையங்களாகிவிடும். இத்தனைக்கும் நொதியின் மையத்தில் இருப்பது ஒரே ஓர் இரும்பு அணு! அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஷீஹன் ஆய்வுக்கூடத்தில் பெனிசிலினை முழுமையாக உருவாக்கிக் காட்டியது 1957ல். அதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த வளையம் வளைத்துக் கட்டிய வில் போல இறுக்கமானது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியைத் தொட்டதும் வளையம் திறந்து, அதனோடு ஒட்டிக்கொள்கிறது. சுவர் கட்டும் வேலை நின்றுபோக, பாக்டீரியா வெடித்து அழிகிறது. மனித செல்களுக்குச் சுவரே கிடையாது. எனவே மருந்து அவற்றை இப்படித் தாக்குவதில்லை. (சிலருக்குப் பெனிசிலின் அலர்ஜி உண்டு. அது வேறு விஷயம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.) ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸுக்கும் செல்சுவர் இல்லை. ஆகவே சளி பிடித்ததும் நாமாகவே மெடிக்கலில் அமாக்சிசிலின் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. உடம்பிலுள்ள மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ள வாய்ப்புத் தருகிறோம், அவ்வளவுதான்.

பழகிக்கொள்வது எப்படி? பூஞ்சையின் நொதி கட்டிய வளையத்தை உடைக்கவென்றே பல பாக்டீரியாக்களிடம் பீட்டா-லாக்டமேஸ் என்ற எதிர் நொதி இருக்கிறது. பெனிசிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1940ல், ஆபிரகாமும் செயினும் இதைக் கண்டு எழுதினார்கள். சில மருந்துச் சீட்டுகளில் அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். அந்த எதிர் நொதியை முடக்கி, வளையம் உடையாமல் காப்பதுதான் அதன் வேலை.