அசையாத திருகாணி



விண்கலங்களைப் பற்றியும் பேரணைகளைப் பற்றியும் அறிஞர் பலர் உங்களுக்கு எடுத்துரைத்திருப்பர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சுண்டுவிரல் அளவுகூட இல்லாதது. மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடியைப் பிடித்திருக்கும் திருகாணியே அது. கழற்ற வேண்டிய வேளையில் அது கழல மறுக்கிறது. ஏன் மறுக்கிறது? எவ்வாறு அதனை இணங்கச் செய்வது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்போம்.

நான் வாழும் மீமிசல், புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணையின் கரையோரம் உள்ள ஊர். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், என் பழைய வண்டியை நானே பழுது பார்த்து வருகிறேன். இதனை அறிந்த பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தன் தந்தையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் பாலிடெக்னிக் மாணவன். தந்தை கடற்கரையில் மீன் வாங்கி, அந்த வண்டியில் பெட்டி கட்டி அறந்தாங்கிக்குக் கொண்டு செல்பவர். கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, வண்டி பாரம் இழுக்கவில்லை. தட்டுகளை மாற்ற மூடியைத் திறக்க வேண்டும். எட்டுத் திருகாணிகளில் ஐந்து கழன்றன, மூன்று அசையவில்லை. அம்மூன்றில் ஒன்றின் தலையை அவன் திருகித் திருகி மழுக்கியும் விட்டான்.

“ஐயா, நாளை விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவுக்கு வண்டி வேண்டும். பெரிய சுத்தியலாக ஒன்று கொடுங்கள்” என்றான்.

நான் சுத்தியலைக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற அவசரத்தில், என் வண்டியின் திருகாணியை நான் உளி வைத்து ஓங்கி அடித்தேன். திருகாணி கழலவில்லை, அலுமினிய மூடி விரிசல் கண்டது. சில காசு பெறும் திருகாணிக்காக, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள மூடியை இழந்தேன். பத்து நாள் நடந்தே பள்ளிக்குச் சென்றேன்.

திருகாணி அசையாதிருப்பதன் காரணத்தை முதலில் பார்ப்போம். மூடியும் எஞ்சின் உடலும் அலுமினியம், திருகாணியோ எஃகு. மரைகளுக்கு இடையே மயிரிழை போன்ற சந்து எப்போதும் உண்டு. கடற்காற்று சுமந்து வரும் உப்புத் துகள் அங்கே படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். எங்கள் கரையில் கொண்டல் வீசும் இரவுகளில் இது தவறாமல் நிகழும். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் இதனுடன் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகிறது. 1800-இல் வோல்டா அமைத்த மின்னடுக்கின் தத்துவம் இதுவே. இக்கலத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. எஃகின் மேற்பூச்சு தேய்ந்த இடங்களில் துருவும் பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். சந்தோ மிகக் குறுகியது. ஆகவே துருவும் வெண்பொடியும் ஆப்பு அடித்தாற்போல் மரையை இறுக்கிவிடுகின்றன. திருகாணியைப் ‘பிடிவாதக்காரன்’ என்று வைவதில் பயனில்லை. அது கட்டுண்டு கிடக்கிறது.

இந்த அரிப்பை ஆராய்வதற்கு எங்கள் ஊருக்கு வடமேற்கே காரைக்குடியில் ஒரு பெரும் நிலையமே உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து, அவை எவ்வளவு அரிக்கப்படுகின்றன என்று அந்நிலையத்தார் அளந்திருக்கின்றனர். அருகிலுள்ள பாம்பனில் 1914-இல் திறந்த பழைய இரயில் பாலத்தை ஓயாது பேண வேண்டியிருந்ததும் இந்த அரிப்பினாலேயே. 2025-இல் திறந்த புதிய பாலத்திற்குத் துருவேறா எஃகுக் கம்பிகளையும் சிறப்பு வண்ணப்பூச்சையும் பயன்படுத்தினர். பாலத்தை வருத்தும் பகைவனே நம் திருகாணியையும் வருத்துகிறான்.

இனி, பரிகாரத்திற்கு வருவோம். மென்மையான வழியை முதலிலும் கடுமையான வழியை இறுதியிலும் கையாள வேண்டும். கடுமையான வழி தவறிவிட்டால், மென்மையான வழிக்குத் திரும்ப இயலாது. தலை மழுங்கிய பின் நல்ல திருப்புளி கிடைத்தும் பயன் என்ன?

முதலாவது, துப்புரவு. திருகாணித் தலையின் பள்ளத்தில் இறுகிய மண்ணைக் கோணூசியால் கிளறி எடுத்தோம். மண் இருந்தால் திருப்புளி அடிவரை இறங்காது.

இரண்டாவது, பொருத்தமான திருப்புளி. பட்டறையில் ‘ஸ்டார்’ என்று கூறும் கூட்டற்குறிப் பள்ளம் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற வடிவம் ஒன்று. ஜப்பானியத் தர வடிவம் வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஜப்பானிய முறையில் அமைந்த வண்டியில் பிலிப்ஸ் திருப்புளியை இட்டால், அது அடிவரை பொருந்தாமல் மேலேறி வழுக்கிப் பள்ளத்தை மழுக்கும். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானிய வகை. இளைஞன் செய்த பிழை இதுவே.

மூன்றாவது, எண்ணெயும் காலமும். துருவிளக்கும் மெல்லெண்ணெயைத் தலையைச் சுற்றிச் சொட்டு சொட்டாக விட்டோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்புழைக் கவர்ச்சியால் அது சந்தினுள் புகும். ஆனால் அதற்குச் சில மணி நேரம் வேண்டும். ஓர் இரவு முழுதும் விடுவது நலம்.

இங்கேதான் சங்கடம். காத்திருந்தால் தந்தைக்கு ஒரு நாள் வருவாய் போகும்; அடித்து உடைத்தால் பத்து நாள் வருவாய் போகக்கூடும். இதனை அவரிடமே சென்று கூறினோம். அவர் சற்று நேரம் வண்டியைப் பார்த்து நின்றார். “சரி சார், நாளை ஒரு நாள் போகட்டும். நிதானமாகவே செய்யுங்கள்” என்றார்.

மறுநாள் காலை நான்காவது வழியைத் தொடங்கினோம். ‘இம்பாக்ட் டிரைவர்’ என்னும் கருவியைப் பட்டறையில் இரவல் பெற்றோம். அதன் தலையில் சுத்தியலால் தட்டினால், அடியின் விசை திருகாணியை அழுத்தியவாறே சிறிது திருப்பவும் செய்யும். அழுத்துவதால் திருப்புளி வழுக்காது. அதிர்ச்சியால் துரு நொறுங்கும். நான்காவது தட்டில் ‘டிக்’கென்று ஓசை கேட்டது. முதல் திருகாணி கழன்றது.

இரண்டாவதற்கு வெப்பம் தேவைப்பட்டது. எஞ்சின் எண்ணெயை முன்னரே வடித்திருந்தோம். திருகாணியைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றினோம். பெட்ரோல் உள்ள வண்டியின் அருகே தீச்சுடரைக் கொண்டு செல்லவே கூடாது. சம வெப்பத்தில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆறு மில்லிமீட்டர் துளையில், எழுபது டிகிரி வெப்பம் ஏறினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கே. பிடிப்பைத் தளர்த்த அதுவே போதியதாயிற்று.

தலை மழுங்கிய மூன்றாவது மட்டும் எதற்கும் இணங்கவில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, அதன் தலையை டிரில்லால் குடைந்து நீக்கினோம். தலை போனதும் மூடி வெளிவந்தது. எஞ்சி நின்ற தண்டினை இறுக்கும் குறடால் பற்றித் திருப்ப, அது எளிதாகக் கழன்றது. தலையின் கீழிருந்த இறுக்கமே அதனைப் பெரிதும் பிடித்திருந்தது.

மீண்டும் பூட்டும்போது மரைகளைத் துலக்கி, சிறிது கிரீஸ் தடவினோம். கிரீஸ் உப்பு நீருக்கு வழிவிடாது. இத்தகைய ஆறு மில்லிமீட்டர் திருகாணிக்கு ஏறத்தாழ பத்து நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். இருபது சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஐந்து கிலோகிராம் எடையளவு அழுத்துவதற்கு அது சமம். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை அறுந்துவிடும். கடற்கரை சென்று வந்த நாளில் வண்டியை நன்னீரால் கழுவுதலும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அந்த வண்டி என் வீட்டைக் கடந்து செல்லும் ஓசை கேட்டது. அந்த இளைஞனிடம் மழுங்கிய திருகாணித் தலை ஒன்று இருக்கிறது. அதனை எறிந்துவிடாதே என்று நான்தான் கூறினேன். அடுத்த முறை சுத்தியலைத் தேடும் முன், அவன் அதனை ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.