ஹெட்போனுக்கு மியூசிக் ஸ்ட்ரீமர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க டாக்-ஐத் திருப்பிப் பாருங்க

மேசை மேல நல்ல ஹெட்போன் வந்தாச்சு. டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றித் தர ஒரு 'டாக்', ஹெட்போனை ஓட்ட ஒரு ஆம்ப், அதுவும் வாங்கியாச்சு. அடுத்து என்ன? எந்த ரிவ்யூ வீடியோவைத் திறந்தாலும் "ஒரு ஸ்ட்ரீமர் சேர்த்துப் பாருங்க, சவுண்டே மாறிடும்"னு சொல்றாங்க. பத்தாயிரம், இருபதாயிரம்னு பர்ஸ் திறக்கிற இடம் இதுதான். அதனால கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

ஸ்ட்ரீமர் என்பது வைஃபையில் பாட்டை எடுத்து டாக்-கிடம் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். அதே வேலையை உங்க லேப்டாப் ஏற்கெனவே ஒரு யுஎஸ்பி கேபிளில் செய்துகிட்டிருக்கு. ஒரே பாட்டு, ஒரே டாக், ஒரே ஹெட்போன் என்றால் லேப்டாப்பிலிருந்து வந்தாலும் ஸ்ட்ரீமரிலிருந்து வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். விண்டோஸ் நடுவுல புகுந்து சிக்னலை மாற்றுதுன்னு கவலையா? ஃபூபார்2000 இலவச மென்பொருள்தான். அதில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் மோடைத் தேர்வு பண்ணினா, கம்ப்யூட்டரில் வெச்சிருக்கிற பாட்டுகள் விண்டோஸ் மிக்ஸரைத் தொடாமலே டாக்-குக்குப் போயிடும். செலவு பூஜ்யம். 80களின் கேசட்டிலிருந்து யாரோ ஏற்றிய பாட்டைத்தான் கேட்கிறீங்கன்னா, லட்ச ரூபாய் ஸ்ட்ரீமரும் அந்த இரைச்சலைத்தான் சுத்தமாகக் கொண்டுவந்து கொடுக்கும்!

அப்போ ஸ்ட்ரீமர் யாருக்குத் தேவை? வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டு, ஃபேன் சத்தமோ ஆபீஸ் மெயிலோ இல்லாம பாட்டு கேட்கணும்னு நினைக்கிறவங்களுக்கு. ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரி வசதியில் ஃபோன் வெறும் ரிமோட்தான். பாட்டை ஸ்ட்ரீமரே நேராக இழுத்துக்கும். கால் வந்தாலும் பாட்டு நிற்காது. நீங்க காசு கொடுக்கிறது இந்த வசதிக்கு, ஒலித் தரத்துக்கு இல்ல. அப்படி நினைச்சுக்கிட்டா பட்ஜெட் தானா அடங்கும்.

சரி, வேணும்னே முடிவு பண்ணிட்டீங்க. இப்போ உங்க டாக்-ஐத் திருப்பி, பின்பக்கம் என்னென்ன ஓட்டை இருக்குன்னு பாருங்க. ஆப்டிகல் இன்புட் இருக்கா, யுஎஸ்பி மட்டும்தானா? காசு வீணாகிறதும் மிச்சமாகிறதும் இந்த ஒரு கேள்வியில்தான். பட்ஜெட் ஸ்ட்ரீமர்னாலே இன்னைக்கு எல்லாரும் சொல்ற பெயர் வீம். அதுல மினி, ப்ரோ, ப்ரோ பிளஸ் மூணுக்குமே ஆப்டிகல் அவுட் இருக்கு, ஆனா யுஎஸ்பி வழியாக பாட்டு வெளியே வராது. ப்ரோவில் இருக்கிற யுஎஸ்பி-சி துளை கரண்டுக்கு மட்டும். கட்டைவிரல் அளவு டாங்கிள் டாக் வெச்சிருக்கிறவங்க இதைப் பார்க்காம ஆர்டர் போட்டா, பெட்டியைப் பிரிச்ச பிறகு இரண்டையும் இணைக்க வழியே இருக்காது. மினியில் இருக்கிற 3.5 எம்எம் துளையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஹெட்போனுக்கு இல்ல, லைன் அவுட். யுஎஸ்பி அவுட்டும் ஹெட்போன் ஜாக்கும் சேர்ந்து வேணும்னா அல்ட்ராவுக்குப் போகணும். அமெரிக்காவில் 2024-ல் அது வந்த விலை 329 டாலர். நம்ம பட்ஜெட் அங்கேயே செத்துடுச்சு.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் ப்ரோ வந்தது 149 டாலருக்கு, ப்ரோ பிளஸ் 219 டாலருக்கு. நடுவில் இருக்கிற 70 டாலர் பெரும்பாலும் உள்ளே இருக்கிற உயர்ந்த டாக் சிப்புக்குத்தான். ஆனா நீங்க தனி டாக்-குக்கு ஆப்டிகலில் கொடுக்கிறீங்கன்னா அந்தச் சிப் வேலையே செய்யாது. ஒரே சாமானுக்கு இரண்டு தடவை பணம் கட்டுறது இதுதான். தனி டாக் இல்லாம, வெறும் ஆம்ப் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் பிளஸ் அர்த்தமுள்ள செலவு.

அடுத்தது, எந்த ஆப்பில் பாட்டு கேட்கிறீங்க? ஆண்ட்ராய்டு ஃபோனில் யூடியூப் மியூசிக்கோ ஆப்பிள் மியூசிக்கோ கேட்கிறவங்க கூகுள் காஸ்ட் இருக்கிற பெட்டியைப் பார்க்கணும். மினியில் அது கிடையாது, ப்ரோவில் உண்டு. ஐஃபோன்காரர்களுக்கு ஏர்ப்ளே போதும், அதனால மினியே சரி. விலை கூடின அல்ட்ராவில்தான் ஏர்ப்ளே இல்ல, பார்த்துக்கோங்க. டைடல், கோபஸ் சப்போர்ட் இருக்குன்னு விளம்பரத்தில் பெரிசாகப் போட்டிருப்பாங்க. அந்த இரண்டு சேவையுமே அதிகாரப்பூர்வமாக இந்தியாவுக்கு வரலை, அதுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க. சந்தாவையும் கணக்கில் சேருங்க. மாசம் 150 ரூபாய்னு வெச்சாலே ஐந்து வருஷத்துக்கு 9,000.

யுஎஸ்பி டாக் மட்டும் இருக்கிறவங்களுக்கு மலிவான வழி ராஸ்பெர்ரி பை. போர்டில் மூடே, வோலுமியோ மாதிரி இலவச மென்பொருளைப் போட்டா அதுவே ஸ்ட்ரீமர். போர்டு விலையை மட்டும் பார்த்து சந்தோஷப்படாம அடாப்டர், மெமரி கார்டு, கேஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகும். அந்த வேலையே பிடிக்கும்னா இதைவிட நல்ல டீல் இல்ல. டிராயரில் தூங்குற பழைய ஆண்ட்ராய்டு ஃபோனும் ஒரு ஸ்ட்ரீமர்தான். ஆனா பல ஃபோன்களில் ஒரே போர்ட் என்பதால் சார்ஜும் டாக்கும் சேர்ந்து போட தனி அடாப்டர் தேவைப்படும். நாள் முழுக்க சார்ஜில் விட்டா பேட்டரி உப்பவும் வாய்ப்பு இருக்கு.

கடைசியா, பணம் கட்டுற விதம். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு பார்த்ததும் கை போகும். 15,000 ரூபாய் பெட்டி, ஆறு மாசம், வங்கி வட்டி 16% என்று வெச்சுக்குவோம். வட்டி சுமார் 675 ரூபாய் உங்களுக்கு டிஸ்கவுண்டாகக் கழியும். ஆனா அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டி, 120 ரூபாய் சொச்சம், உங்க தலையில்தான். பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் அதுவும் ஜிஎஸ்டியோட 235 ஆகும். ஆக 350 ரூபாய்க்கு மேல. முழுத் தொகை கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடி போனது தனி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவங்க சுங்க வரி, கூரியர் செலவு, இங்கே வாரண்டி செல்லுமா என்பதையெல்லாம் விலையோட சேர்த்துப் பாருங்க. இங்கேயே வாங்கினா, ரிட்டர்ன் நாட்கள் முடியறதுக்குள்ள ஒரு ராத்திரி ஒரே பாட்டை லேப்டாப்பிலும் ஸ்ட்ரீமரிலும் ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிக் கேளுங்க. கேபிளை வீட்டில் வேற யாராவது மாற்றட்டும், எது ஓடுதுன்னு உங்களுக்குச் சொல்லக் கூடாது. பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீங்க.